சிறு குழுவாக ஓர் இலகுவான லினக்ஸ் வழங்கல்: பெயர் வைப்பதிலிருந்து வெளியிடுவது வரை

பழைய கணினியிலும் சிரமமில்லாமல் ஓடும் ஒரு லினக்ஸ் வழங்கலை (டிஸ்ட்ரோ: லினக்ஸோடு தேவையான மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுக்கும் இயங்குதளம்) நாலைந்து பேர் சேர்ந்து உருவாக்கலாம் என்று இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் ஐஎஸ்ஓ கோப்பை (யூஎஸ்பி-யில் எழுதிக் கணினியைத் துவக்கும் வட்டுப் படம்) உருவாக்கி, அது திரையில் எழும்பி வருவதைப் பார்ப்பது ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். கஷ்டமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது: பெயர், உரிமம், ஸெக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலைக் கணினி துவக்க விடாத பாதுகாப்பு), கையொப்பச் சாவி, எது யார் பொறுப்பில் என்பது. இவை ஒவ்வொன்றிலும் போதுமான அளவு திண்டாடியாயிற்று. நீங்களும் அதே இடங்களில் தடுக்கி விழ வேண்டியதில்லை.

உதாரணங்கள் பெரும்பாலும் டெபியன் என்ற வழங்கலைச் சார்ந்தவை. ஆர்ச் என்ற வழங்கலை எடுத்துக்கொண்டாலும் பெயர், உரிமம், வெளியீடு பற்றிய படிகள் அப்படியே பொருந்தும்.

1. எதற்காக என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள்

கருவிகளைத் தொடும் முன் ஒரு பத்தி எழுதி, குழுவில் எல்லோரும் அதற்குச் சம்மதிக்க வேண்டும். எந்த வயதுக் கணினி, எவ்வளவு ரேம், யார் பயன்படுத்தப் போகிறார்கள், ஏற்கெனவே இருக்கும் வழங்கல்களில் அவர்களுக்கு எது குறைகிறது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். “வேகமான, அழகான, எளிமையான” என்று எழுதினால் அது எந்த முடிவையும் எடுக்க உதவாது. “2 ஜிபி ரேம், 64 பிட் செயலி, முதன்முறை லினக்ஸ் பயன்படுத்துகிறவர்” என்று எழுதினால், பிறகு வரும் சண்டைகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எழுதிப் பார்த்தபின் உங்களுக்கு வேண்டியது ஒரு திரைத் தோற்றமும் சில இயல்பமைப்புகளும் மட்டும்தான் என்று தெரிந்தால், தனி வழங்கல் வேண்டாம். டெபியனை நிறுவியபின் ஓடும் ஒரு ஸ்கிரிப்டாகவோ ஒற்றைப் பொதியாகவோ (பேக்கேஜ், நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு) அதைக் கொடுத்துவிடலாம். அது தோல்வி இல்லை. பராமரிப்புச் சுமை பத்தில் ஒன்றாகிவிடும்.

2. அடிப்படையைத் தேர்ந்தெடுங்கள்

சிறு குழு ஒருபோதும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே செய்து மாளாது. ஆகவே கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), உலாவி, நூலகங்கள் எல்லாம் தாய் வழங்கலின், அதாவது நீங்கள் அடிப்படையாக எடுத்த வழங்கலின், களஞ்சியத்திலிருந்து (பொதிகளை வைத்திருக்கும் சேவையகம்) நேரடியாகப் பயனருக்குப் போக வேண்டும். உங்கள் களஞ்சியத்தில் உங்கள் சொந்தப் பொதிகள் மட்டும் இருக்கட்டும்.

டெபியனின் ஒவ்வொரு நிலைப் பதிப்புக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன்பின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) குழுவின் இரண்டு ஆண்டு ஆதரவும் உண்டு. பதிப்புகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒன்று வருகின்றன. தன்னார்வலர்களால் இந்த வேகத்தோடு ஓட முடியும். ஆர்ச் போன்ற தொடர் வெளியீட்டில் (தனிப் பதிப்புகள் இல்லாமல் மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும் முறை) எந்த நாளிலும் ஏதாவது உடையலாம். கவனிக்க எப்போதும் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இலகுவான வழங்கல் என்றதும் 32 பிட் கணினிகள் நினைவுக்கு வரும். இங்கே நன்றாகக் கவனியுங்கள்: ஆர்ச் 2017-லேயே 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான கர்னலும் இல்லை, நிறுவியும் (இன்ஸ்டாலர்) இல்லை. 32 பிட்தான் உங்கள் நோக்கம் என்றால், முதல் நாளிலேயே அடிப்படையை மாற்ற வேண்டியிருக்கும். அந்த முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

3. பெயர்: வெளியே சொல்வதற்கு முன் சரிபாருங்கள்

பெயரை நீங்கள் ஒட்டும் லேபிள் என்று நினைத்துவிடக் கூடாது. அது கணினிக்குள் நுழையும். நான் உதவிய ஒரு குழு, பீட்டா வெளியானபின் பெயரை மாற்ற நேர்ந்தது. பழைய பெயரைத் தேடிப் பார்த்தால் எங்கெல்லாம் இருந்தது தெரியுமா? ஓஎஸ்-ரிலீஸ் கோப்பு (இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் இருக்கும் கோப்பு), கணினியின் இயல்பான ஹோஸ்ட்நேம் (வலையமைப்பில் கணினியின் பெயர்), துவக்கப் பட்டியல், இஎஃப்ஐ அடைவு (கணினியைத் துவக்கும் கோப்புகள் இருக்கும் இடம்), நிறுவியின் படங்கள், சாவிப் பொதியின் (களஞ்சியத்தைச் சரிபார்க்கும் சாவி உள்ள பொதி) பெயர், களஞ்சிய முகவரி, ஐஎஸ்ஓ-வின் தொகுதிப் பெயர், வால்பேப்பரின் ஒரு மூலை. உள்ளே இருப்பதை மாற்றிவிடலாம். ஏற்கெனவே நிறுவியவர்களின் கணினியில் பழைய களஞ்சிய முகவரி எழுதப்பட்டிருக்கிறதே, அதை என்ன செய்வது? பழைய முகவரியையும் சேர்த்துப் பராமரிக்க வேண்டியதாயிற்று.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் அடையாளம் சொல்லும் வரியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்கள், புள்ளி, கீழ்க்கோடு, இடைக்கோடு மட்டுமே வரலாம், இடைவெளி கூடாது. ஐஎஸ்ஓ தொகுதிப் பெயர் 32 எழுத்துக்குள் அடங்க வேண்டும். பெயரை எந்த மொழியில் யோசித்தாலும், அந்த விதிக்குள் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒருவர் காதால் கேட்டு, தேடுபொறியில் சரியாக அடிக்க முடிகிறதா என்பது அடுத்த சோதனை. கிரஞ்ச்பேங் என்ற அருமையான இலகு வழங்கல் தன்னை “#!” என்ற குறியால் எழுதிக்கொண்டது. பார்க்க நன்றாக இருந்தது. தேடவோ முகவரியில் வைக்கவோ அந்தக் குறி உதவாது.

பெயரில் டெஸ்க்டாப்பின் (சாளரங்கள், பட்டியல்கள் அடங்கிய திரைச் சூழல்) பெயரையோ பதிப்பு எண்ணையோ சேர்க்காதீர்கள். இன்று எக்ஸ்எஃப்சிஇ, நாளைக்கு வேறொன்றாகலாம். லுபுன்டு என்ற வழங்கல் 18.10 பதிப்பில் எல்எக்ஸ்டிஇ என்ற டெஸ்க்டாப்பை விட்டு எல்எக்ஸ்கியூடி-க்கு மாறியபோது முதலெழுத்து தற்செயலாகப் பொருந்திப் போனது. எல்லோருக்கும் அப்படி அமையாது.

இப்போது தேடல். கீழே உள்ள இடங்களில் ஒன்றையும் விட வேண்டாம்:

— லினக்ஸ் வழங்கல்களைத் தொகுக்கும் டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் பட்டியல். செயலற்றுப் போன வழங்கல்களையும் சேர்த்துப் பாருங்கள்.
— நிரல்களை வைக்கும் தளங்களான கிட்ஹப், கிட்லேப் ஆகியவற்றில் அதே பெயரில் குழுக்கணக்கு.
— டெபியன் பொதிகளின் பெயர்கள். அதே பெயரில் ஒரு பொதி இருந்தால் பின்னால் மோதும்.
— விப்போவின் (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) உலகளாவிய வணிகக்குறித் தரவுத்தளம். மென்பொருளுக்கு 9-ஆம் வகுப்பு, மென்பொருள் சேவைக்கு 42-ஆம் வகுப்பு. தேடல் இலவசம்.
— டொமைன் கிடைக்கிறதா என்பது.

ஒலி ஒற்றுமையையும் பாருங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் உச்சரிப்பு ஒன்றாக இருந்தால் வழக்குக்கு அதுவே போதும். லிண்டோஸ் என்ற வழங்கல் மைக்ரோசாஃப்டோடு நீண்ட வழக்கில் சிக்கி, 2004-இல் லின்ஸ்பயர் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

பெயரில் “லினக்ஸ்” சேர்க்கலாமா? சேர்க்கலாம். ஆனால் அந்தச் சொல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பதிவு செய்த வணிகக்குறி. உங்கள் பெயரின் பகுதியாக அதைச் சேர்த்து வணிகக்குறிபோலப் பயன்படுத்தினால் லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் துணை உரிமம் பெற வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, விண்ணப்பம் மட்டும்தான். அந்தச் சொல்லே இல்லாமல் ஒரு பெயர் வைத்துவிடுவது இன்னும் சுலபம்.

தாய் வழங்கலின் பெயரை ஒட்டவைப்பதுதான் பலரும் செய்வது. டெபியனின் வணிகக்குறிக் கொள்கை, “டெபியனை அடிப்படையாகக் கொண்டது” என்று உண்மையைச் சொல்ல அனுமதிக்கிறது. உங்கள் பெயருக்குள்ளேயே டெபியனை வைக்க வேண்டுமானால் அவர்களிடம் கேட்க வேண்டும். உபுன்டு இன்னும் கண்டிப்பு: மாற்றியமைத்த பதிப்பை அவர்கள் அனுமதியில்லாமல் அந்தக் குறிகளோடு பரப்பக் கூடாது. “பன்டு” என்று முடியும் பெயர் ஒன்று மனத்தில் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். ஃபெடோராவுக்கு “ஃபெடோரா ரீமிக்ஸ்” என்ற தனிக் குறி உண்டு. அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

4. பெயர் யார் கையில்?

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நண்பர்களுக்குள் என்ன எழுத்துப் பத்திரம் என்று தோன்றும். 2009 ஜூலையில் சென்ட்ஓஎஸ் என்ற வழங்கலின் உருவாக்குநர்கள் தங்கள் நிறுவனர்களில் ஒருவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. டொமைனும் நன்கொடைக் கணக்கும் அவர் கையில் இருந்தன. ஆளைப் பிடிக்க முடியவில்லை. 2018-இல் வாய்டு லினக்ஸுக்கும் இதே கதி. தலைவர் தொடர்பில் இல்லாததால் புதிய டொமைனுக்கும் புதிய கிட்ஹப் குழுவுக்கும் மாறினார்கள்.

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். அதில் இருக்க வேண்டியவை: பெயரும் சின்னமும் குழுவுக்குச் சொந்தம், டொமைன், நிரல் களஞ்சியம், பதிவிறக்கக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பேர் நிர்வாகிகள், ஒருவர் விலகினால் எத்தனை நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், திட்டம் நின்றுபோனால் பெயரை யார் எடுத்துக்கொள்ளலாம். கடைசி வரியை விடாதீர்கள். கிரஞ்ச்பேங் 2015 பிப்ரவரியில் நின்றபோது அதன் பயனர்கள் பன்சன்லேப்ஸ் என்ற வேறு பெயரில் தொடர்ந்தார்கள். 2019-இல் ஆன்டெர்கோஸ் நின்றதும் எண்டெவர்ஓஎஸ் எழுந்தது. இரண்டும் நன்றாகவே நிமிர்ந்தன, ஆனால் பெயரைப் புதிதாகத்தான் ஊன்ற வேண்டியிருந்தது.

டொமைனைத் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்து, நினைவூட்டல் மின்னஞ்சல் ஒருவரின் சொந்த முகவரிக்கு மட்டும் போகாமல் பாருங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவும் கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் சேர்ந்து போய்விடும்.

வணிகக்குறிப் பதிவு தொடக்கத்தில் கட்டாயமில்லை. பதிவாகப் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டுக்கும் மேல் ஆகும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். பதிவு ஆகும்வரை வட்டத்துக்குள் ஆர் குறியைப் போடாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம்.

5. கட்டமைப்பு

ஐஎஸ்ஓ-வைக் கட்டும் கருவி டெபியனுக்கு லைவ்-பில்ட், ஆர்ச்சுக்கு ஆர்ச்-ஐஎஸ்ஓ. இரண்டுமே ஓர் அடைவில் இருக்கும் எழுத்துக் கோப்புகளைப் படித்து ஐஎஸ்ஓ-வைக் கட்டுகின்றன. அந்த அடைவை கிட்டில் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் கருவி) வையுங்கள். குழுவில் யார் கணினியில் ஓட்டினாலும் அதே வழங்கல் வர வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் சொந்தக் கணினியை அப்படியே படமெடுத்து ஐஎஸ்ஓ ஆக்கும் கருவிகளும் உண்டு. பொது வெளியீட்டுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். வைஃபை கடவுச்சொல், உலாவியின் குக்கீகள், எஸ்எஸ்எச் சாவி (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படுவது) எல்லாம் உள்ளே போய்விடும். எது போனது என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

எந்த முறையானாலும் வெளியிடும் முன் மூன்றைப் பாருங்கள். மெஷின்-ஐடி கோப்பு காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுவிய கணினிகளெல்லாம் ஒரே அடையாளத்தோடு ஒரே வலையமைப்பில் மோதும். எஸ்எஸ்எச் சேவையகச் சாவிகள் படத்தில் இருக்கக் கூடாது. நிறுவல் முடிந்ததும் லைவ் பயனரும் (நிறுவாமல் யூஎஸ்பி-யிலிருந்தே ஓட்டும்போது இருக்கும் கணக்கு) தானியங்கி உள்நுழைவும் நீங்கியிருக்க வேண்டும்.

நிறுவிக்கு காலமாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். லுபுன்டு, எண்டெவர்ஓஎஸ், டெபியனின் லைவ் படங்கள் எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. சொந்தமாக நிறுவி எழுதும் ஆசையை அடக்குங்கள். வட்டைப் பிரிக்கும் நிரலில் ஒரு பிழை வந்தால் யாரோ ஒருவரின் குடும்பப் படங்கள் அழியும்.

இயல்பமைப்புகளைப் புதுப் பயனரின் வீட்டு அடைவுக்கு நகலாகும் ஸ்கெல் அடைவில் கொட்டாதீர்கள். பயனர் கணக்கு உருவாகும்போது ஒருமுறை மட்டும்தான் அங்கிருந்து நகல் போகும். அதன்பின் நீங்கள் எதைத் திருத்தினாலும் பழைய பயனருக்குப் போய்ச்சேராது. அமைப்பு முழுவதற்குமான எக்ஸ்டிஜி அடைவில், ஒரு பொதியின் வழியாக வையுங்கள்.

6. பெயரைக் கணினிக்குள் பதிப்பது

டெபியனில் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பு பேஸ்-ஃபைல்ஸ் என்ற பொதிக்குச் சொந்தம். கட்டும்போது நேராகத் திருத்தினால், அந்தப் பொதி மேம்படுத்தப்படும் நாளில் உங்கள் வழங்கல் மறுபடி “டெபியன்” ஆகிவிடும். டிபிகேஜி-டைவர்ட் என்ற கருவி மூலம் மூலக்கோப்பை ஒதுக்கிவைத்து, உங்கள் பிராண்டிங் பொதி அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும்.

உள்ளே எழுதும்போது, எதைப் போன்றது என்று சொல்லும் வரியில் டெபியனைக் குறிப்பிடுங்கள். பதிப்பின் செல்லப்பெயர் வரியில் தாய் வழங்கலின் பெயரையே, உதாரணமாக டெபியன் 13-க்கு ட்ரிக்ஸி என்றே, விட்டுவையுங்கள். வெளி நிறுவனங்களின் நிறுவல் ஸ்கிரிப்டுகள் அந்த வரியைப் படித்துத்தான் களஞ்சிய முகவரியை உருவாக்குகின்றன. அங்கே உங்கள் சொந்தச் செல்லப்பெயர் இருந்தால் 404 பிழைதான் வரும், பழி உங்கள் மேல் விழும்.

அடுத்தது ஸெக்யூர் பூட். டெபியன் தரும் கையொப்பமிட்ட ஷிம், கிரப் (இரண்டும் கணினியைத் துவக்கும் நிரல்கள்), கர்னல் மூன்றையும் மாற்றாமல் அப்படியே வைத்தால் அது வேலை செய்யும். சொந்த ஷிம்முக்குக் கையொப்பம் வாங்குவது ஷிம் பரிசீலனை, விலையுயர்ந்த சான்றிதழ், மைக்ரோசாஃப்ட் கணக்கு என்று மாதக்கணக்கில் நீளும் வேலை. சிறு குழுவுக்கு வேண்டாம்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கையொப்பமிட்ட கிரப் தன் அமைப்புக் கோப்பை வட்டின் இஎஃப்ஐ பிரிவில் “டெபியன்” என்ற அடைவில்தான் தேடும். அந்தப் பாதை நிரலுக்குள்ளேயே பதிந்திருக்கிறது, மாற்றினால் கையொப்பம் செல்லாது. நீங்கள் ஆசையாகக் காலமாரிஸில் துவக்கியின் பெயரை உங்கள் வழங்கலின் பெயராக மாற்றியிருப்பீர்கள். நிறுவல் வெற்றி என்று பச்சைக் குறி வரும். மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரை, இடது மூலையில் கிரப் என்ற சொல், பக்கத்தில் துடிக்கும் கர்சர். புதிதாக வந்தவர் அதைப் பார்த்ததும் கணினி செத்துவிட்டது என்றே நினைப்பார். ஆகவே இஎஃப்ஐ அடைவின் பெயரை “டெபியன்” என்றே விடுங்கள். துவக்கப் பட்டியலில் தெரியும் பெயரை மட்டும் மாற்றுங்கள். மெய்நிகர் கணினியில் ஸெக்யூர் பூட் அணைந்திருக்கும்போது இந்தக் கோளாறு தெரியாமலே போகலாம். உண்மைக் கணினியில் சோதிக்காமல் வெளியிடக் கூடாது.

7. இலகு என்பதை அளந்து சொல்லுங்கள்

துவங்கி உள்நுழைந்து, ஓரிரு நிமிடம் சும்மா விட்டு, ஃப்ரீ கட்டளையில் “அவெய்லபிள்” பத்தியைப் பாருங்கள். எப்போதும் அதே ரேம் அளவு கொடுத்த மெய்நிகர் கணினியில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி, ஐஸ்டபிள்யூஎம், ஓப்பன்பாக்ஸ் என்று ஒவ்வொன்றையும் இப்படி அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

அதே சமயம் ஒன்றை மறக்காதீர்கள். டெஸ்க்டாப்பில் கஷ்டப்பட்டு மிச்சப்படுத்திய மெகாபைட்டுகளை உலாவியின் நாலு தாவல்கள் விழுங்கிவிடும். 2 ஜிபி கணினிக்கு உண்மையில் உதவுவது இசட்ரேம் (ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் வசதி) இயல்பாக இயங்குவதும், பின்னணியில் ஓடும் தேவையற்ற சேவைகளைக் குறைப்பதும்தான். ஐஎஸ்ஓ-வை எக்ஸ்இசட் முறையில் சுருக்கினால் கோப்பு சிறியதாகும். பழைய செயலியில் லைவ் படம் ஊர்ந்து வரும். இசட்எஸ்டிடி முறையில் கோப்பு கொஞ்சம் பெரிதானாலும் திறப்பது வேகம். இலகு வழங்கலுக்கு என் ஓட்டு இசட்எஸ்டிடி-க்குத்தான்.

8. உரிமங்களும் ஆவணங்களும்

ஐஎஸ்ஓ-வைப் பொதுவில் வைத்த அந்த நிமிடமே நீங்கள் ஆயிரக்கணக்கான பொதிகளின் விநியோகஸ்தர். லினக்ஸ் கர்னல் உட்படப் பலவற்றுக்கும் உள்ள ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமப்படி மூல நிரலும் கிடைக்க வேண்டும். “டெபியனில் இருக்கிறதே” என்று கைகாட்டினால் போதாது. 2006-இல் மெபிஸ் வழங்கலிடம் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் இதையேதான் சொன்னது: மாற்றாத பொதியானாலும் மூல நிரலுக்கு விநியோகிப்பவரே பொறுப்பு. லைவ்-பில்டில் மூல நிரல் படத்தையும் சேர்த்துக் கட்டும் தேர்வு இருக்கிறது. ஐஎஸ்ஓ இருக்கும் அதே இடத்தில் அதையும் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது. எழுத்து மூலம் உறுதிமொழி கொடுக்கும் வழியை எடுத்தால், ஜிபிஎல் 2-இன்படி அது குறைந்தது மூன்று ஆண்டு செல்லுபடியாக வேண்டும்.

ஃபயர்பாக்ஸை டெபியன் தொகுத்தபடியே வையுங்கள். நிரலில் கைவைத்துவிட்டு அதே பெயரில் கொடுக்க மொசில்லாவின் அனுமதி வேண்டும். இந்த விவகாரத்தால்தான் டெபியனே 2006-லிருந்து 2016 வரை ஐஸ்வீசல் என்ற பெயரில் அதை வழங்கியது. குரோம் போன்ற உரிமைத்தடை உள்ளவற்றை ஐஎஸ்ஓ-வில் சேர்க்கவே கூடாது. வால்பேப்பர், ஐகான், எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் உருவாக்கியவர் பெயர், உரிமம், எடுத்த இடம் மூன்றையும் ஒரு கோப்பில் சேர்த்த அன்றே எழுதுங்கள். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படங்கள் வேண்டாம்; யாராவது யூஎஸ்பி-யில் விற்றாலே அது மீறலாகிவிடும்.

9. வெளியிடுவது

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ-வுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தையே மாற்றக்கூடியவர் அங்கே எழுதியிருக்கும் ஷா-256 எண்ணையும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவுவது) மாற்றிவிடலாம். ஆகவே அந்த எண் உள்ள கோப்புக்கு ஜிபிஜி என்ற கருவியால் கையொப்பம் இடுங்கள். கையொப்பமிடும் ரகசியச் சாவி, தளம் ஓடும் சேவையகத்தில் இருக்கக் கூடாது. ரத்துச் சான்றிதழை (சாவி பறிபோனால் அதைச் செல்லாததாக்கும் கோப்பு) உருவாக்கி, இரண்டு பேர் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். களஞ்சியச் சாவிக்குக் காலாவதித் தேதி வைத்தால், அதற்குப் பல மாதங்கள் முன்பே புதிய சாவிப் பொதி பயனர்களுக்குப் போய்விட வேண்டும். தவறினால் ஒரே நாளில் எல்லோருக்கும் மேம்படுத்தல் நின்றுவிடும்.

கிட்ஹப் வெளியீட்டில் ஒரு கோப்பு 2 ஜிபி-க்குள் இருக்க வேண்டும். அதற்குள் அடங்கினால் அங்கேயே வைக்கலாம், இல்லையென்றால் சோர்ஸ்ஃபோர்ஜ். டொரன்ட்டும் சேர்த்துக் கொடுங்கள். டிஸ்ட்ரோவாட்சில் புதிய வழங்கல்களுக்குக் காத்திருப்புப் பட்டியல் உண்டு. சீக்கிரம் விண்ணப்பித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

10. செலவும் காலமும்

நிச்சயமாக வரும் செலவு டொமைன்தான், அதுவும் ஆண்டுதோறும். அடுத்து, சிறு களஞ்சியத்துக்கான சேவையக வாடகை. உங்கள் பொதிகள் மட்டும் என்றால் மிகச் சிறிய இடம் போதும், கிட் சேவைகளின் நிலைப்பக்க வசதியிலேயே சிலர் நடத்துகிறார்கள். கட்டும் கணினியில் சில பத்து ஜிபி வட்டு இடம் வேண்டும். ஏபிடி-கேஷர் (இறக்கிய பொதிகளைச் சேமித்துவைக்கும் கருவி) வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் எல்லாப் பொதிகளையும் இறக்க வேண்டியதில்லை. சோதனைக்காகப் பழைய கணினிகளை வாங்காதீர்கள், அவற்றை வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, பெயர்த் தேடலுக்கும் ஒப்பந்தத்துக்கும் சில வாரம், முதல் கட்டமைப்புக்குச் சில நாள், சோதனைக்குச் சில மாதம் என்று வையுங்கள். டெபியனின் அடுத்த பதிப்பு உறைநிலைக்கு (புதிய மாற்றங்களை நிறுத்திப் பிழைகளை மட்டும் திருத்தும் கட்டம்) போகும்போதே உங்கள் அடுத்த பதிப்பின் வேலை தொடங்க வேண்டும்.

வெளியீட்டு அறிவிப்பில் ஆதரவு முடியும் தேதியையும் போடுங்கள். அது டெபியனின் தேதியைத் தாண்டக் கூடாது. அந்தத் தேதிக்குப் பின் ஒருவர் நிறுவ முயன்றால் வரவேற்புச் சாளரத்திலேயே எச்சரிக்கை தெரியும்படி முதல் பதிப்பிலேயே எழுதிவிடுங்கள், ஏனென்றால் பழைய யூஎஸ்பி-கள் பல ஆண்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும்.